ராஜா நாற்காலி

திறமை ஒன்றுதான் தெய்வம், சொந்தப் பகைக்கு மைதானத்தில் இடமில்லை என்று மைக்கில் முழங்கினார் இன்னாசிமுத்து. தொழில்முறை கபடி அணிக்குக் கல்லூரிப் பையன்களைப் பொறுக்க வந்தவர். கல்யாண மண்டபத்திலிருந்து வரவழைத்த ராஜா நாற்காலியில் சாய்ந்து, முதல் ரைடரின் படிவத்தைப் பார்த்ததும் நிமிர்ந்தார். அப்பா பெயர் பரமானந்தம். இருபது வருடம் முன்பு, “குள்ளனுக்கெல்லாம் எதுக்குடா கபடி?” என்று இவரைக் கழித்துக்கட்டிய கோச். மகன் ஆறடி, ஒரே மூச்சில் நாலு பேரைத் தொட்டுத் திரும்பினான்.

“வளத்தி ஜாஸ்தி. காலைப் பிடிச்சா சாஞ்சிருவான். வேண்டாம்,” என்றார் இன்னாசிமுத்து.

பரமானந்தம் ஓடிவந்து கும்பிட்டார். “சார், அவனுக்கு இது கடைசி வருசம் சார்.”

“அன்னைக்கு எனக்கும் அது கடைசி வருசம்தான்.”

சொன்ன சொல்லின் மிடுக்குக்குத் தோதாகக் காலைத் தரையில் ஓங்கி ஊன்றப் பார்த்தார். எட்டவில்லை.