இரண்டு பெயர்க்காரன்

மரித்தோர் பூசைக்கு முதல் மணி அடிக்கிறது. பலெர்மோவின் சீசாப் பகுதிக் கோயிலில், நவம்பர் வெயில் விழும் வாசல் மேசையில், பூசை ஒழுங்குகளைப் பார்க்கும் அகஸ்ரின் அண்ணன் இறந்தவர்களின் பெயர்களை எழுதுகிறார். அதில் தன் தம்பி விமலராஜின் பெயரைக் கண்ட றோசமலர், பேனாவைப் பறித்துத் தாள் கிழியும்படி அதை அடித்து வெட்டுகிறாள். எண்பத்தாறில், ஒன்பது வயதில், பாஸ்போட்டில் வேறொரு குடும்பத்துப் பிள்ளையாக்கி கள்ளமாய் ஆள் அனுப்பும் ஏஜென்சிக்காரன் இத்தாலிக்குக் கூட்டிவந்த பிள்ளை அவன்; அதன்பின் காணாமற்போனான். "பத்து வருசமா ஒரு தகவலும் இல்லையே, தங்கச்சி" என்கிறார் அவர். "தகவல்தான் இல்லை. செத்தவனெண்டு ஆர் சொன்னது?" உயிரோடிருப்பவர்களுக்கான மன்றாட்டுத் தாளை இழுத்து, வீட்டுப் பெயர் விமலராஜையும் பாஸ்போட்டுப் பெயர் பிரதீஸையும் எழுதுகிறாள். "ரெண்டையும் மைக்கில வாசியுங்கோ. எதுக்குத் திரும்புவானோ தெரியாது." பெயர்கள் ஒலிக்கையில் எல்லாரும் தலைகுனிகிறார்கள். றோசமலர் பீடத்துக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்று, ஒவ்வொரு இளைஞனின் முகத்தையும் பார்க்கிறாள்.