பதினோரு மணிச் சண்டை

“இன்னிக்கு ரெண்டுல ஒண்ணு பார்த்துடணும். பதினோரு மணிக்கு வந்து உங்க கண்ணாலயே பாருங்க, அந்த ஆள் பண்ற அக்கிரமத்தை!”

காலை ஏழு மணிக்கு வக்கீலம்மா போனில் போட்ட சத்தம், மூன்று மாடி ஏறும்போதும் செயலாளரின் காதை விட்டுப் போகவில்லை.

வேறு யாரும் கை தூக்காததால் குடியிருப்புச் சங்கத்துக்குச் செயலாளராக மாட்டிக்கொண்டவர் அவர். தண்ணீர் மோட்டார், வண்டி நிறுத்துமிடம், மேல்வீட்டுக் குழந்தைகளின் குதியாட்டம் என்று ஆறு வருஷமாகப் பஞ்சாயத்து பண்ணியே அலுத்துப்போயிருந்தார். முழங்காலைப் பிடித்துக்கொண்டு, இன்றோடு ராஜினாமா என்று இந்த வாரத்தில் நாலாவது தடவையாக முடிவெடுத்தார்.

மூன்றாவது மாடியில் எதிரெதிராக இரண்டு வீடு. ஒன்றில் எழுபது வயது வக்கீலம்மா, தனியாக. இன்னொன்றில் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்து ஓய்வுபெற்றவர், அவரும் ஒண்டிக்கட்டை.

போன மாதம் வரை வாசலில் பார்த்தால் தலையாட்டிக்கொள்கிறவர்கள்தான். அப்புறம் என்ன வந்ததோ, தினமும் டாண் என்று பதினோரு மணிக்கு மெக்கானிக் வந்து கதவைத் தட்டுவார். செருப்பு, குப்பைக்கூடை, ரேடியோ சத்தம் என்று ஏதாவது ஒரு குற்றம் சொல்வார். வக்கீலம்மா பிடிபிடியென்று பிடித்துக்கொள்வார். கட்டடமே வேடிக்கை பார்க்கும்.

“மக வர்ற ஞாயித்துக்கிழமை மட்டும் பெட்டிப்பாம்பா அடங்கிடறான் சார். தனியா இருக்கிற பொம்பளைன்னா அவ்வளவு இளக்காரம்!” என்று அதையும் போனில் சேர்த்துச் சொல்லியிருந்தார்.

கதவு பாதி திறந்து கிடந்தது. மேஜை முன்னால் உட்கார்ந்திருந்த வக்கீலம்மா ஒன்றும் பேசாமல் புகார் மனுவை நீட்டினார். ரொம்பத்தான் மனசு நொந்திருக்கிறார் என்று செயலாளர் நினைத்துக்கொண்டார்.

முதல் பக்கம் முத்து முத்தான எழுத்து. மூன்றாம் பக்கத்தில் வரிகள் கோட்டை விட்டுக் கீழே சரிந்திருந்தன. மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தும் வக்கீலம்மாவின் நெற்றி வேர்த்திருந்தது. பாவம், கோபத்தில் கை நடுங்குகிறது.

மணி பதினொன்று. வாசலில் தடதடவென்று சத்தம்.

“எத்தனை தடவை சொல்றது? உங்க செருப்பு என் வாசலுக்கு வரக்கூடாது! காது கேக்குதா இல்லையா?”

செயலாளர் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு தயாரானார். வக்கீலம்மா மெல்ல நிமிர்ந்தார்.

“சரிங்க. எடுத்துடறேன். மன்னிச்சுக்கோங்க.”

செயலாளருக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. அப்பாடா, ஒருவழியாகச் சமாதானம்!

ஆனால் மெக்கானிக்கின் முகம் வெளிறிவிட்டது. கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே பாய்ந்தார். கை வைக்கப் போகிறான் என்று பதறிப்போய், செயலாளர் அவர் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்தார்.

“யோவ், என்ன துணிச்சல்யா உனக்கு!”

“விடுங்க சார்! இவங்க என்னைக்கு என்கிட்ட மன்னிப்பு கேட்டாங்க? சுகர் இறங்குது!”

பொத்தான் தெறிக்க விடுவித்துக்கொண்டு, பையிலிருந்து குளுக்கோஸ் பொட்டலத்தை எடுத்துத் தண்ணீரில் கரைத்தார். “வக்கீலம்மா, இங்க பாருங்க. முழுங்க முடியுதா? அவசரமில்ல, கொஞ்சங்கொஞ்சமா...” என்று அவர் கையைத் தாங்கிக் குடிக்க வைத்தார். அலமாரியிலிருந்த சுகர் மீட்டரை எடுத்து விரலில் ஒரு சொட்டு ரத்தம் பார்த்தார். நாற்பத்தெட்டு.

“காலைல இன்சுலின் போட்டிருக்காங்க. சாப்பாட்டைத் தொடவே இல்ல பாருங்க” என்று மேஜை ஓரத்தில் மூடிக் கிடந்த தட்டைக் காட்டினார். “எதையோ எழுத உக்காந்திருக்காங்க, அப்படியே மறந்துட்டாங்க.”

அந்த எதையோ செயலாளர் மெதுவாக மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தார்.

“உடம்பு முடியலன்னு இவங்க என்கிட்டயாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?”

“சொல்லிட்டாலும்! போன மாசம் இதே நேரம், இதே மாதிரி உக்காந்திருந்தாங்க. நல்லா இருக்கீங்களான்னு கேட்டேன். ரொம்ப நல்லா இருக்கேன், நன்றின்னாங்க. அஞ்சே நிமிஷம், தொப்புன்னு விழுந்துட்டாங்க.” மெக்கானிக் நாற்காலியில் சாய்ந்தார். அவருக்கும் வயது அறுபத்தெட்டு, மூச்சு வாங்கியது. “இந்த வயசுக்கு ஊசி அளவு அதிகமோ என்னவோ. டாக்டர்கிட்ட கேக்கச் சொல்லி இவங்க மககிட்ட சொல்லணும்.”

பதினைந்து நிமிஷம் இரண்டு பேரும் கடிகாரத்தையும் வக்கீலம்மாவையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மெக்கானிக் மறுபடி சோதித்தார். எண்பத்தாறு. தட்டைத் திறந்து அவர் முன்னால் நகர்த்தி வைத்தார்.

இரண்டு வாய் சாப்பிட்ட வக்கீலம்மா தலை நிமிர்ந்தார். கண்ணில் வெளிச்சம் வந்தது. எதிரே இருப்பது யார் என்று பிடிபட்டது.

“யோவ்! யாரைக் கேட்டுய்யா வீட்டுக்குள்ள வந்தே? அத்துமீறி நுழைஞ்சதுக்கு என்ன தண்டனை தெரியுமா? ஒரு வருஷம் உள்ள தள்ளிடுவேன்! மரமண்டை!”

செயலாளருக்குப் பொறுக்கவில்லை. “என்னம்மா இது? உயிரைக் காப்பாத்தின மனுஷனைப் போய்...”

மெக்கானிக் அவர் கையைப் பிடித்து அமர்த்தினார். அந்த அசந்த முகத்தில் அப்போதுதான் நிம்மதி வந்தது.

“விடுங்க சார், திட்டட்டும். இதைக் கேக்கத்தானே தினமும் வந்து கதவைத் தட்டறேன்!”