வலிக்காத விரல்

ஆசனவாயில் விரல்விட்டு டாக்டர் செய்யும் சோதனை என்றாலே மாசிலாமணிக்கு உடம்பு கூசும். லாரி ஓட்டியே ஐம்பத்தெட்டு வயதானவர். புராஸ்டேட் சுரப்பி வீங்கி, சிறுநீர் சொட்டுச் சொட்டாகப் போனபோதும் மருத்துவமனைப் பக்கம் வர மறுத்துவிட்டார். கடைசியில் மனைவி அமுதவல்லிதான் புராஸ்டேட்டை உள்ளிருந்தே நீவிவிடும் ஒரு மசாஜ் கருவியை வாங்கி வந்தாள். விரல் பருமனில், மெத்தென்று, உடம்புச் சூட்டோடு இருந்தது. எங்கே தொட்டால் இதம், எங்கே தொட்டால் வலி என்று தானாகவே கற்றுக்கொண்டது; கேட்டால் வாய்திறந்து பதிலும் சொல்லும்.

"இந்த வயசுல இப்படி ஒரு சுகமா, வல்லி!" என்று வெட்கத்தோடு சிரித்தார்.

இரண்டு ஆண்டுகள் கழித்து இடுப்பெலும்பில் குடைச்சல் எடுத்தது. ஸ்கேன் எடுத்ததில், புராஸ்டேட்டில் தொடங்கிய புற்று எலும்புவரை பரவியிருந்தது. டாக்டர் சல்மா கருவியைக் கொண்டுவரச் சொல்லி, அதனிடமே கேட்டார்.

"வலப்பக்கம் இவ்வளவு பெரிய கட்டி. உனக்குத் தெரியலையா?"

"தெரியும் டாக்டர். தொட்டா ஐயாவுக்கு வலிக்கும். அதனால போன வருஷத்துலேர்ந்து அந்த இடத்தை விட்டுட்டுத்தான் செய்யறேன்."

"ஏன் சொல்லல?"

"வலிக்காம பாத்துக்கறதுதான் என் வேலை. ஐயாவும் வேற எதுவும் கேக்கல."

வீட்டுக்கு வந்ததும் அமுதவல்லி அதைக் குப்பைத் தொட்டியில் வீசப் போனாள். மாசிலாமணி அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"வேணாம் வல்லி. இனிமே எனக்கு வேற என்ன இருக்கு?"

அவள் அழுதுகொண்டே அதை வெந்நீரில் கழுவித் துடைத்தாள்.