எண்பத்தேழில் முடியும் எண்

கண்ணாடிக் கதவு வழியே வந்த மதிய வெயில் மேசையின் பாதி வரை ஏறி நிற்கிறது. வருமான வரிக் கணக்கைக் கணினியில் ஏற்றிக்கொடுக்கும் கடைக்காரர் கட்டங்களையெல்லாம் நிரப்பிவிட்டார். கணக்குக்கு உரியவள் எதிரே கணவனோடு உட்கார்ந்திருக்கும் நர்ஸ்தான் என்று உறுதிசெய்ய ஓடிபி மட்டும் பாக்கி. அவள் உள்ளங்கையில் இருக்கும் செல்போன் மூச்சே விடவில்லை. திரையில், எண்பத்தேழில் முடியும் எண்ணுக்கு அனுப்பிவிட்டதாக ஒரு வரி மினுங்குகிறது. "என் நம்பர் நாப்பதுல முடியுது. இது யாரோடது?" அவள் பார்வை பக்கத்தில் இருக்கும் கணவனின் சட்டைப்பையில் போய்க் குத்துகிறது. "எனக்குத் தெரியாம இன்னொரு சிம் வச்சிருக்கீங்களா?" "அடிப்பாவி, ஒரு சிம்முக்கே ரீசார்ஜ் பண்ண முடியல." அவன் குனிந்து பையைக் கவிழ்க்கிறான், ஒற்றைச் செல்போனோடு பல் உடைந்த சீப்பு விழுகிறது. கடைக்காரர் விசைப்பலகையின் தூசியை அக்கறையாக ஊதுகிறார். "நெட் ஸ்லோக்கா. நீங்க கிளம்புங்க, அப்புறமா நானே முடிச்சு வைக்கறேன்." "ஓடிபி என்கிட்ட வராம நீ எப்படிப்பா முடிப்பே?" அவள் எட்டி, 'மீண்டும் அனுப்பு' என்பதை அழுத்துகிறாள். மேசையின் இழுப்பறை உறுமுகிறது. மேலே இருக்கும் குண்டூசி டப்பா நடுங்குகிறது. கடைக்காரர் இழுப்பறையை முழங்காலால் அழுத்திக்கொண்டு, "போன வருஷம் அவசரத்துல என் நம்பரைப் போட்டுட்டேன்கா" என்று சிரிக்கப் பார்க்கிறார். பின்னால் பெஞ்சில், போன வருஷமும் இவரிடமே கணக்குக் கொடுத்த நான்கு பேர், ஒருவர் பின் ஒருவராகத் தங்கள் செல்போனை வெளியே எடுக்கிறார்கள்.