பட்டத்தில் கை வைக்காதே

தருமபுரி பஸ் ஸ்டாண்டை ஒட்டிய ஃப்ளெக்ஸ் கடையில், கம்ப்யூட்டர் முன் அமர்ந்திருந்த பூவிழியிடம் பட்டங்களை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டிருந்தார் தீர்த்தகிரி.

“சங்கத் தலைவர், விழாக்குழுச் செயலாளர், சேவைச் செம்மல்… போட்டுட்டியாம்மா?”

“போட்டாச்சுங்க. உங்க போட்டோவுக்குத்தான் எடம் பத்தலைங்க.”

“போட்டோவைச் சின்னதாக்கு. பட்டத்துல கை வெக்காத. நான் யாருன்னு ஊருக்குத் தெரிய வேணாமா? பொண்டாட்டி, புள்ளைன்னு வூட்லயே கெடந்திருந்தா இத்தனையும் கெடைச்சிருக்குமா? எனக்கு எப்பவும் பொதுவாழ்க்கைதான் மொதல்ல.”

“பொறந்த நாளுங்களா? தேதி சொல்லுங்க.”

“தேதிய காலியா விடு. அது வர்றப்ப எழுதிக்கட்டும். மேல ‘கண்ணீர் அஞ்சலி’ன்னு பெருசாப் போடு. நான் போனப்புறம் சங்கத்துக்காரனுங்ககிட்ட விட்டா ரெண்டு பட்டத்தை முழுங்கிடுவானுங்க.”

பூவிழி அவரை ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுத் தட்டினாள்.

“கீழ ‘கண்ணீருடன்’னு யார் யார் பேருங்க போடறது?”

நாற்பது வருடம் மைக் பிடித்தவர் விரல்விட்டு எண்ணிப் பார்த்தார். மனைவி முன்னாலேயே போய்விட்டாள். பெங்களூரில் இருக்கும் மகன் பேசி ஆறு வருடம். சங்கத்துக்காரர்களோ இப்போதே நாற்காலிக்கு அடித்துக்கொள்கிறார்கள்.

தீர்த்தகிரி மெல்லத் தொண்டையைச் செருமினார்.

“ஏம்மா, உம் பேரு என்ன?”