ஐந்தாவது பார்ட்டி

கேட்டைத் திறந்த விதத்திலேயே ஆள் விவரமானவர் என்று முனீஸ்வரிக்குத் தெரிந்துவிட்டது. கீல் இற்றுத் தொங்கும் அந்தக் கேட்டைச் சற்றே தூக்கித் தள்ளினால்தான் திறக்கும். இதற்கு முன் வீடு பார்க்க வந்த நான்கு பார்ட்டிகளும் அதோடு மல்லுக்கட்டி, வேர்த்து வடிந்துதான் உள்ளே வந்தார்கள். அவர்களை அழைத்து வந்த புரோக்கர் சங்கிலியே அதை உதைத்துத்தான் திறப்பான்.

இவர் தூக்கினார், தள்ளினார், வந்துவிட்டார். வெளிநாட்டுக்காரர்கள் எல்லாவற்றையும் யூடியூபில் பார்த்துப் பழகிவிடுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டாள்.

காலையில்தான் சங்கிலி போன் செய்திருந்தான். “யக்கா, பதினோரு மணிக்கு ஒரு பார்ட்டி வருது. வெளிநாட்டுல ரிட்டயர் ஆனவரு. எனக்கு வேற சோலி கிடக்கு, நீயே நல்லா சுத்திக் காட்டு. பிடிச்சிருச்சுன்னா ஓனர் நம்பரை மட்டும் குடு, மிச்சத்தை நான் பாத்துக்கிறேன்.”

அவனியாபுரத்தில் அந்த வீடு விற்பனைக்கு வந்ததே இல்லை. ஆள் இல்லாத வீடு, ஓனர் ஆலன் வெளிநாட்டிலேயே தங்கிவிட்ட தமிழர், ஒருவர் கேட்டால் கொடுத்துவிடுவார் என்பது சங்கிலியின் நினைப்பு. கொடுத்துவிட்டால், ஏழு வருடமாகப் பின்பக்க ஒற்றை அறையில் இருந்து வீட்டைக் காக்கும் முனீஸ்வரியும், புருஷன் பேச்சிமுத்துவும், பத்தாவது படிக்கும் மகளும் எங்கே போவது?

ஆலன் சாரை அவள் பார்த்ததில்லை. போட்டோவைப் பார்த்தே வீட்டை வாங்கிப் போட்டவர். ஒன்றாம் தேதி ஆனால் முனீஸ்வரி வீட்டு நிலவரத்தை வாட்ஸ்அப்பில் பேசி அனுப்புவாள். பதிலுக்கு ஒரு கட்டைவிரல் வரும், பின்னாலேயே சம்பளம் வரும்.

வீட்டைக் காட்ட மாட்டேன் என்றால் சங்கிலி ஓனர் நம்பரை வேறு வழியில் தேடிப் பிடிப்பான். ஆகவே காட்டுவாள். நன்றாகவே காட்டுவாள்.

வந்தவருக்கு அறுபது இருக்கும். அரைக்கால் டவுசர், முதுகில் ஒரு பை.

“வணக்கம்மா. நான் வந்து…”

“தெரியும் சார், சங்கிலி சொன்னான். உள்ள வாங்க. மொதல்ல தண்ணி குடிங்க.”

அடுப்படியில் இரண்டு குடங்கள் உண்டு. நல்ல தண்ணீர் வீட்டுக்கு. உப்புத் தண்ணீர் பார்ட்டிக்கு. அவர் ஒரு வாய் குடித்தார். முகம் ஒரு நொடி கோணி நேரானது.

“கரிக்குதோ சார்? இது மழைக்காலம், பரவால்ல. கோடையில வாயிலயே வைக்க முடியாது.”

“அங்கே ஆறு மாசம் பனி. ரிட்டயர் ஆனதும் வெயில் இருக்கிற ஊருக்குப் போயிடணும்னு ரொம்ப நாள் ஆசை.”

“வெயிலா? சித்திரையில மொட்டமாடியில மொளகா காயப்போட்டா மத்தியானத்துக்குள்ள கருகிரும் சார். அம்புட்டு வெயிலு.”

தலைக்கு மேல் ஒரு விமானம் தாழப் பறந்தது. முனீஸ்வரி இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள். பழகிப்போய், அந்தச் சத்தம் அவள் காதில் விழுவது நின்று பல வருடம் ஆயிற்று.

“ஒவ்வொரு தடவையும் இப்படித்தானா?”

“இது சின்ன ப்ளேன் சார். பெருசு போனா டம்ளர் தானா நடந்து போயிக் கீழ விழும்.”

அவர் ஹாலைச் சுற்றி வந்தார். சுவரைத் தட்டிப் பார்த்தார். ஜன்னலுக்கு வெளியே மாமரத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். அந்தப் பார்வை அவளுக்குப் பிடிக்கவில்லை. ஆளை விரட்டும் மருந்தைக் கூட்டினாள்.

“பொங்கலுக்கு இங்கிட்டு இருக்கவே முடியாது சார். ஜல்லிக்கட்டு பக்கத்துலதான். போன வருசம் ஒரு மாடு காம்பவுண்டைத் தாண்டிக் குதிச்சு, இந்தா, நீங்க நிக்கிற எடத்துல நின்னு என்னையப் பாத்துச்சு.”

“ஐயோ! அப்புறம்?”

“அப்புறம் என்ன? அதுக்கும் தண்ணி குடுத்தேன். மோந்து பாத்துட்டுப் போயிருச்சு.”

அவர் வாய்விட்டுச் சிரித்தார். நான்கு பார்ட்டிகளில் ஒருவர்கூட இந்த வீட்டில் சிரித்ததில்லை. முனீஸ்வரி கரையான், தேள், ஆடி மாதம் முழுக்க அலறும் ஸ்பீக்கர் என்று மிச்சம் இருந்ததையும் மூச்சு விடாமல் இறக்கினாள்.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவர் மெதுவாகக் கேட்டார். “இவ்வளவு கஷ்டத்துல நீங்க எப்படிம்மா ஏழு வருஷமா இருக்கீங்க?”



“வேற போக்கிடம் இல்ல சார்” என்றாள். “மகளுக்குப் பரிட்சை வேற வருது.”

அப்போது அவள் போன் அடித்தது. சங்கிலி. “யக்கா, கோவிச்சுக்காத. பார்ட்டி இன்னும் திருமங்கலத்தையே தாண்டலையாம். வர ஒரு மணி நேரம் ஆகும்.”

முனீஸ்வரி போனைக் காதிலிருந்து இறக்கினாள். வந்தவரைப் பார்த்தாள். பிறகு கேட்டைப் பார்த்தாள். ஏழு வருடம் என்று இவரிடம் அவள் சொல்லவே இல்லை. கீல் போய்விட்டது, தூக்கித் தள்ளினால்தான் திறக்கிறது என்றும் ஒரே ஒருவருக்குத்தான் சொல்லியிருக்கிறாள். போன ஒன்றாம் தேதி.

“சார்… நீங்க?”

அவர் பையிலிருந்து தன் போனை எடுத்து ஒரு தட்டுத் தட்டினார். அதற்குள்ளிருந்து கணீரென்று வந்தது முனீஸ்வரியின் குரல்:

“சார், நம்ம வீடு சொர்க்கம் சார்! ஒருக்கா வந்து பாருங்க, அப்புறம் திரும்பிப் போகவே மாட்டீங்க!”