ஏழாவது மெம்பர்

“கூட்டம் அட்ஜர்ன்!” என்று அறிவித்துவிட்டுப் பேனாவை மூடினார் செயலாளர்.

குடியிருப்பின் கீழ்த்தளத்து அறையில், பிளாஸ்டிக் நாற்காலிகளில் உட்கார்ந்திருந்த ஆறு கமிட்டி மெம்பர்களும் ஒரே நேரத்தில் உச்சுக் கொட்டினார்கள். தையல்காரி சுவரோரம் நின்றிருந்தாள். இது மூன்றாவது தடவை. இரண்டாம் மாடி வீட்டில் அவள் தையல் மிஷின் ஓட்டலாமா, கூடாதா என்று தீர்மானிக்கத்தான் இந்தக் கூட்டம். கூடாது என்று இவர்கள் கை தூக்கிவிட்டால் அவள் பிழைப்பு அதோடு சரி. புருஷன் போன பிறகு இரண்டு பிள்ளைகளையும் படிக்கவைப்பது அந்த மிஷின்தான்.

“அட்ஜர்னாவது மண்ணாங்கட்டியாவது!” என்று எகிறினார் மூன்றாம் மாடி இன்ஜினியர். “ஆறு பேர் இருக்கோமே, போதாதா?”

“போதாது சார். ஒரு வீட்டு மேல நடவடிக்கைன்னா ஏழு மெம்பரும் இருந்தாகணும். விதி பதினொண்ணு.”

“அதை முதல்லயே எண்ணிப் பார்த்துச் சொல்லித் தொலைக்கிறதுதானே? எல்லார்கிட்டயும் கையெழுத்து வாங்கி, புகாரை ஆதியோடந்தமாப் படிச்சு, அப்புறம்தான் தலையை எண்ணுவீங்களா? சரி, கூட்டத்தைத் தள்ளிப் போட்டாச்சுன்னு எழுதுங்க. எனக்கு வேலை இருக்கு.”

“தள்ளிப் போடறது வேற, அட்ஜர்ன் வேற சார். கூட்டம் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே இன்னொரு நாள்னு சொன்னா, அது தள்ளிப் போடறது. ஆரம்பிச்சுட்டு நடுவுல நிறுத்தி வெச்சா, அதுதான் அட்ஜர்ன். முதல்ல சொன்னது நடக்காத கூட்டம். இது நடந்த கூட்டம். நோட்டுல அப்படித்தான் எழுதணும்.”

செயலாளர், முப்பது வருடம் கோர்ட்டில் குமாஸ்தாவாக இருந்து ரிட்டயர் ஆன மனிதர். அவருக்கு அந்தக் கட்டடத்தில் ‘வாய்தா சார்’ என்றுதான் பெயர். விதிப் புத்தகத்தை அவரைத் தவிர வேறு யாரும் பிரித்துப் பார்த்ததுகூட இல்லை.

“அந்த ஏழாவது மெம்பர் யாரு? உங்க வீட்டம்மா! புகார் கொடுத்ததே அவங்கதான். அவங்களே வரலைன்னா எப்படி?”

“தலைவலி. படுத்திருக்கா.”

“போன தடவை?”

“முதுகுவலி.”

“அதுக்கு முந்தின தடவை?”

“பல்வலின்னு ஞாபகம்.”

தலையில் அடித்துக்கொண்டு இன்ஜினியர் வெளியேற, மற்றவர்களும் முணுமுணுத்தபடி கிளம்பினார்கள். செயலாளர் நிதானமாக நாற்காலிகளை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்க ஆரம்பித்தார். அந்த நிதானத்தைப் பார்க்கப் பார்க்கத் தையல்காரிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“ஏன் சார், உங்களுக்கு இது விளையாட்டா இருக்கா?” என்று வெடித்தாள். “ஓட்டாதேன்னா ஓட்டாதேன்னு சொல்லிடுங்க, ஒரேயடியா அழுது தீர்த்துடறேன். மூணு மாசமா சோறு இறங்கலை, தூக்கம் இல்லை. மிஷின்ல உட்கார்ந்தா தையல் கோணிப் போகுது.”

“உட்காரும்மா.”

“உட்காரல. உங்க வீட்டம்மாவுக்கு நான் என்ன சார் கெடுதல் பண்ணினேன்? ஆறு தலையணை உறை தைக்கக் கொடுத்தாங்க. தையல் கண் நிறைஞ்சு இருக்குன்னு வாய் நிறையச் சொல்லிட்டுப் போனாங்க. மறுநாளே சத்தம் தாங்கலைன்னு புகார்! படியில பார்த்தா நான் முகத்தைத் திருப்பிக்கறேன். அவங்க என்னடான்னா ஒண்ணும் நடக்காத மாதிரி சிரிக்கறாங்க. அந்தச் சிரிப்பைத்தான் சார் தாங்க முடியலை.”

செயலாளர் அட்டை கிழிந்த விதிப் புத்தகத்தைப் பிரித்து அவள் கையில் கொடுத்தார்.

“பன்னிரண்டாவது விதி. படி.”

கண்ணைத் துடைத்துக்கொண்டு விரல் வைத்துப் படித்தாள். ‘ஒரு புகார், அதைக் கொடுத்தவர் வராததால் மூன்று கூட்டங்களில் முடிவு காணாமல் அட்ஜர்ன் செய்யப்பட்டால், அது தள்ளுபடியாகும். அதே விஷயம் குறித்து எவரும் மீண்டும் புகார் தர இயலாது.’

ஒன்றும் பிடிபடாமல் இன்னொரு தடவை படித்தாள்.

“அப்படின்னா?”

“அப்படின்னா புகார் செத்துப்போச்சு. இனிமே உன் மிஷின் மேல எவனும் வாயைத் திறக்க முடியாது. தைரியமா ஓட்டு.”

தையல்காரி நாற்காலியைத் தேடித் தடவி உட்கார்ந்தாள். மூன்று மாதமாக அடக்கி வைத்திருந்ததெல்லாம் சேர்ந்து வந்தது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். செயலாளர் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டார்.

“உங்களைப் போய்த் தப்பா நினைச்சேனே சார். என்னென்ன சாபம் விட்டேன் தெரியுமா?” என்று மூக்கை உறிஞ்சினாள். அடுத்த கணமே அவளுக்குப் பகீரென்றது. “ஐயோ, உங்க வீட்டம்மாவுக்கு விஷயம் தெரிஞ்சா உங்களை உண்டு இல்லைன்னு ஆக்கிடுவாங்களே! அவங்க கொடுத்த புகாரை நீங்களே சாகடிச்சிருக்கீங்களே!”

வாய்தா சார் முதல் தடவையாகச் சிரித்தார்.

“அவளா? இன்ஜினியர் புகார் எழுதப் போறார்னு காதுல விழுந்த அன்னிக்கே, ‘அவருக்கு முன்னாடி நானே ஒரு புகார் எழுதித் தர்றேன், மூணு கூட்டத்துக்கும் வராம இருந்துடறேன், மிச்சத்தை நீங்க பார்த்துக்கோங்க’ன்னு திட்டம் போட்டுக் கொடுத்ததே அவதாம்மா!”